குடத்தம்மன் கொடுத்த தண்ணீர்

குருவிமலைத் தோட்டம்,
மேற்பிரிவு, றொசல்ல.
04.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி நிலக்ஷி எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். மழைக்கு அப்பாவின் கால்வலி மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. உங்கள் இருமல் நின்றதா? ஃபேக்டரியில் பஞ்சுத் தூசி படாமல் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு நீங்கள் ஃபோன் எடுத்தபோது நான் பேசாமல் நின்றதற்குக் கோபிக்க வேண்டாம். வேலாயி அத்தை வீட்டு வாசலில் மட்டும்தான் சிக்னல் வரும். அங்கே நின்று பேசினால் லயத்தில் எட்டு வீடும் காது கொடுக்கும். பள்ளிக்கூடத்தை விட்டு மூன்று வருசமாகியும் எழுத்து மறக்காமல் இருப்பது நீங்கள் கடிதம் கேட்பதால்தான். எழுதும்போதுதான் எனக்குப் பேச்சும் வருகிறது.

இங்கே ஒரு பெரிய சங்கதி. புதன்கிழமை காலையில் அப்பா குடத்தம்மன் கோயில் கூட்டப் போனவர், கைத்தடி இல்லாமல் ஓடி வந்தார். கொழுந்து மூட்டையோடு விழுந்து கால் நொண்டியானதற்குப் பிறகு அவர் ஓடி நான் பார்த்ததில்லை. "அம்மன் குடுத்துட்டா, அம்மன் குடுத்துட்டா" என்று கத்தினார். எல்லோரும் மலையேறிப் போய்ப் பார்த்தோம். அம்மன் கல்லுக்கு அடியிலிருந்து தண்ணீர் வருகிறது அக்கா. சுண்டுவிரல் தடிப்பில், சில்லென்று.

வேலாயி அத்தை மண்ணில் விழுந்து அழுதார். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாகூட தேயிலைக் கொழுந்து மலையிலிருந்து இறங்கிவந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு கை அள்ளிக் குடித்தார். இப்போது குழாய் போட்டு லயத்துக்கே இறக்கியிருக்கிறார்கள். பள்ளத்தில் தண்ணீர் விழுகிற பீலிக்குக் குடம் தூக்கிக்கொண்டு நான் நாலு நாளாகப் போகவில்லை. இடுப்பு வலி இல்லாமல் தூங்குகிறேன்.

வேறு ஒன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கச்சி,
நிலக்ஷி


கட்டுநாயக்க
18.05.2025

என் அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா பிரியந்தி எழுதுவது. இருமல் போய்விட்டது, சளிதான் மிச்சம். அப்பாவின் காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது ஊர்ப்பக்கம் வந்தால் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் கடிதத்தை போர்டிங்கில் சத்தமாக வாசித்தேன். என்னோடு தங்கியிருக்கும் கிருஷாந்திக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. "அந்த அம்மன் கதையை முழுசாச் சொல்லு" என்று பிடித்துக்கொண்டாள். பாதிக்கு மேல் எனக்கு ஞாபகமில்லை. அப்பா சொல்கிற மாதிரியே எழுதி அனுப்பு.

இன்னொன்று. "வேறு ஒன்றும் இல்லை" என்பதற்கு மேலே நாலு வரி எழுதி, பேனாவால் அழுத்தி அழுத்தி வெட்டியிருக்கிறாய். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "சார்" என்று ஒரு சொல் மட்டும் தெரிந்தது. என்ன அது? எந்தச் சார்? யாராவது உன்னிடம் ஏதாவது சொன்னார்களா? எனக்கு இரண்டு நாளாக வேலையில் கை ஓடவில்லை. மறைக்காமல் எழுது.

அக்கா,
பிரியந்தி


மேற்பிரிவு, றொசல்ல
02.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நிலக்ஷி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் நினைத்தது போல ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். முதலில் கதையை எழுதிவிடுகிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்.

இந்த மலையில் காடு வெட்டித் தேயிலை நட்ட காலத்தில், லயத்தை உயரத்தில் கட்டிவிட்டு, தண்ணீரைப் பள்ளத்தில் விட்டுவிட்டார்கள். மாசமாக இருந்த ஒரு பெண், காலையில் பெரட்டுக்கு வேலையாட்களைக் கூப்பிடும் முன்னால் பீலிக்குப் போய்க் குடம் சுமந்து ஏறினாள். அன்றைக்கு அவளுக்கு அது மூன்றாவது நடை. இப்போது கோயில் இருக்கிற இடத்தில் கால் வழுக்கி விழுந்தாள். குடம் உடைந்தது. உயிர் போகும்போது, "என் புள்ள குடிக்காத தண்ணிய ஒங்க புள்ளைங்களுக்கு நான் கொண்டாந்து தருவேன், இங்கேயே இருங்க" என்று சொன்னாளாம். அவள் விழுந்த இடத்தில் ஒரு கல்லை நட்டுக் கும்பிட ஆரம்பித்தார்கள். அதனால்தான் ஆடி முதல் வெள்ளிக்கு நாம் பள்ளத்திலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்துபோய் அவள் தலையில் ஊற்றுகிறோம். அவள் கொண்டுவர முடியாமல் போன குடத்தை நாம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். நாலு தலைமுறையாகக் கொடுத்தோம். இப்போது அவள் கொடுக்கிறாள். அப்பா இந்த இடத்தில் நிறுத்துவார். கேட்கிறவர்கள் அழுவார்கள்.

ஹட்டனிலிருந்துகூட வேன் பிடித்து வருகிறார்கள். போத்தலில் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். "நொண்டி வீரய்யா" என்று கூப்பிட்டவர்கள் "பூசாரி ஐயா" என்கிறார்கள். நீங்கள் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த வெள்ளைச் சட்டையைத்தான் தினமும் துவைத்துப் போடுகிறார். சாப்பிடும்போது சிரிக்கிறார் அக்கா. அம்மா செத்ததற்குப் பிறகு அவர் பல்லை நான் பார்த்ததே இல்லை.

வெட்டின வரி இதுதான். எட்டாம் வகுப்பில் மண்சரிவு பற்றி ஒரு சார் வந்து பாடம் நடத்தினார். மலையில் இல்லாத இடத்தில் புது ஊற்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள், உள்ளே மண் இளகுகிறது என்று அர்த்தம் என்றார். நான் அதைப் படமாக வரைந்தேன். நல்ல படம் என்று, வகுப்புக்கு முன்னால் நின்று விளக்கச் சொன்னார். நான் போய் நின்றுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டேன். அந்தப் படத்தில் இருந்தது மூன்று விசயம். புது ஊற்று, தரையில் வெடிப்பு, சாய்ந்த மரம்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு வெடிப்பு இருக்கிறது. என் கையால் நாலு விரல் அகலம். விரிகிறதா என்று பார்க்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சி நட்டு வைத்திருக்கிறேன்.

ஒன்றும் இருக்காது. கிருஷாந்தி அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நிலக்ஷி


கட்டுநாயக்க
11.06.2025

நிலக்ஷி,

நலம் விசாரித்து எழுத இப்போது மனம் நிதானத்தில் இல்லை. உன் கடிதம் தோட்ட ஆபீசில் கிடந்து எட்டு நாள் கழித்து வந்திருக்கிறது.

அப்பாவுக்கு ஃபோன் எடுத்தேன். "கோயிலுக்குப் பின்னால வெடிப்பு இருக்காமே" என்றேன். "எவ சொன்னா?" என்றார். உன் பெயரைச் சொல்லவில்லை. "அடுத்த தோட்டத்துக்காரனுங்க வயித்தெரிச்சல்ல கட்டிவிடுறானுங்க. நீ அங்க ஒழுங்கா வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு, பூசைக்கு ஆள் நிற்கிறது என்று வைத்துவிட்டார்.

நான் ஃபோனில் சொல்வது காற்றோடு போகிறது. நீ கண்ணால் பார்த்தவள். நீதான் சொல்ல வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அப்பாவிடம் சொல். வெடிப்புக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. கண்டாக்கையாவிடமும் சொல். உனக்குக் கூச்சம் என்று எனக்குத் தெரியும். நீ பேசாவிட்டால் அங்கே வேறு யாருக்கும் தெரியாது.

அக்கா


மேற்பிரிவு, றொசல்ல
24.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆசை.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பார்க்கலாம் என்றார்.

கண்டாக்கையாவிடமும் போனேன். ஆபீஸ் வாசலில் அரைமணி நேரம் நின்றேன். "என்ன புள்ள, வேலைக்குப் பேர் பதியணுமா? ஒனக்கு இன்னும் வயசு வரலியே" என்றார். நான் காகிதத் துண்டில் எழுதிக் கொண்டுபோனதைக் கொடுத்தேன். வாசித்தார். சிரிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "வெடிப்பு எனக்கும் தெரியும். மேலிடத்துக்கு எழுதியிருக்கேன். எட்டுக் குடும்பத்த எடுத்து எங்க வைக்கிறது? காலி லயம் எங்க இருக்கு, நீயே சொல்லு" என்றார். துண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெடிப்பு ஆறு விரல். அதன் ஓரத்துப் பலாமரம் சாய்ந்த மாதிரியும் இருக்கிறது, சாயாத மாதிரியும் இருக்கிறது. பார்த்துப் பார்த்து எனக்கே தெரியவில்லை.

நான் மறுபடி பள்ளத்துப் பீலியில்தான் தண்ணீர் எடுக்கிறேன். குழாய்த் தண்ணீரில் சோறாக்க மனசு வரவில்லை. "சாமி குடுத்தது கசக்குதாடி?" என்று வேலாயி அத்தை கேட்டார். பழக்கம் என்று சொன்னேன்.

நிலக்ஷி


கட்டுநாயக்க
03.07.2025

அன்புத் தங்கச்சி,

நான் நலம். லீவு கேட்டேன். ஓர்டர் முடியும் வரை ஒருவருக்கும் இல்லை என்றார்கள். ஓகஸ்டில் பார்க்கலாமாம்.

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். கண்டாக்கையா சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதியிருக்கிறாய். அப்பா சொன்னதற்கு ஒரே ஒரு சொல். நம் அப்பா "பார்க்கலாம்" என்று எப்போது பேசியிருக்கிறார்?

நீ அவரிடம் சொன்னாயா இல்லையா?

நீயாவது கிளம்பி என்னிடம் வந்துவிடு.

அக்கா


மேற்பிரிவு, றொசல்ல
20.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். சொன்னேன் என்று எழுதியது பொய். அப்பா வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் உள்ளே அடுப்பைப் பார்த்துச் சொன்னேன். அடுப்புதான் கேட்டது.

நேற்று முன்தினம் ஆடி முதல் வெள்ளி. அவ்வளவு சனத்தை இந்த மலையில் நான் பார்த்ததில்லை. நானும் குடம் எடுத்தேன். ஏறும்போது ஒரு எண்ணம் வந்தது. தப்பு மேளச் சத்தத்தில் அம்மன் வந்த மாதிரி ஆடி, எல்லோரும் இறங்கிப் போங்கள் என்று சொல்லிவிட்டால் என்ன? என் பேச்சைக் கேட்காதவர்கள் அவள் பேச்சைக் கேட்பார்கள். கல்லுக்கு முன்னால் போய்க் கண்ணை மூடினேன். குடத்துத் தண்ணீர் முதுகில் வழிந்தது. வாய் திறக்கவில்லை அக்கா. எட்டாம் வகுப்பு மாதிரியே நின்றேன்.

என் பக்கத்தில் வேலாயி அத்தைக்கு வந்துவிட்டது. அவருக்கு நிஜமாகவே வந்தது. தலையை விரித்துப்போட்டு, "வந்துட்டேன்டா, நான் வந்துட்டேன். என்ன விட்டுட்டு எங்கேயும் போகாதீங்க" என்றார். எல்லோரும் "போகமாட்டோம் தாயே" என்றார்கள். அப்பா கற்பூரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு அழுதார்.

தண்ணீர் ஒரு வாரமாகக் கலங்கலாக வருகிறது. அம்மன் சந்தனம் கரைத்து விடுகிறாளாம். நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள்.

சனம் கலைந்த பிறகு சொன்னேன். அடுப்பிடம் இல்லை, முகத்தைப் பார்த்து. கையைப் பிடித்து வெடிப்புக்குக் கூட்டிப்போனேன். என் கையை விரித்து வைத்துக் காட்டினேன். ஒரு சாண். அப்பா நிறைய நேரம் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒன்னச் சொமந்தப்ப ஒங்கம்மா கடைசி மாசம் வரைக்கும் பீலிக்குக் குடம் எடுத்தா. தெரியுமா ஒனக்கு?" என்றார். "நாலு தலைமுறையா கேட்டோம். குடுத்த பொறகு பயப்படச் சொல்றியா?"

கண்டாக்கையா எழுதியதற்குப் போன மாதக் கடைசியில் ஒரு அதிகாரி வந்து வெடிப்பை அளந்து, அப்பாவிடம் ஒரு கடிதம் கொடுத்துப் போயிருக்கிறார். இறங்கிவிடுங்கள், வேறு இடம் பிறகு தருவோம் என்று அதில் இருக்கிறது. அப்பா அதை நாலாக மடித்து, கோயில் விளக்கு ஆடாமல் இருக்க அதற்கு அடியில் வைத்திருக்கிறார். அங்கேதான் நானே பார்த்தேன்.

நான் மட்டும் வரமாட்டேன். அவருக்குச் சோறாக்க ஆளில்லை.

நிலக்ஷி


கட்டுநாயக்க
25.07.2025

தங்கச்சி,

உன் கடிதம் இந்தத் தடவை சீக்கிரம் வந்தது. அழுதுவிட்டுத்தான் எழுதுகிறேன். நீ சொன்னது போதும். இனிமேல் நீ யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம்.

அப்பா சாமியை விட்டு இறங்கமாட்டார். எனக்காக இறங்குவார். ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் தேதி, கிருஷாந்தி ஃபோன் எடுப்பாள். பிரியந்தி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், அப்பாவையும் தங்கச்சியையும் கேட்டு அழுகிறாள் என்று சொல்வாள். நீ ஒன்றும் பேச வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும். திங்கட்கிழமை ஸ்டேசனுக்குப் போய், பகல் கோச்சியில் ஏறி அவரைக் கூட்டிக்கொண்டு வா. இங்கே வந்த பிறகு என்னைக் காலில் போட்டு மிதிக்கட்டும். மழை முடியும் வரை விடமாட்டேன். பக்கத்து அறையைப் பேசிவிட்டேன்.

பொய்தான். பாவம் என் தலையில் இருக்கட்டும். நீ வாயைத் திறக்காமல் இரு, அதுதான் உனக்கு வருமே.

கோபிக்காதே, உன்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன்.

அக்கா


கினிகத்தேனை
09.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். எனக்கு ஒரு கீறலும் இல்லை. இங்கே பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். கரண்ட் இல்லை, ஃபோன் வேலை செய்யவில்லை, கோச்சிப் பாதை மூடியிருக்கிறது. றொசல்ல சந்திக் கடை ஹமீத் நானா சாமான் எடுக்க லொறியில் கொழும்புக்குப் போகிறார். அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். இதற்குள் யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் நான் சொல்ல வேண்டும்.

நீங்கள் சொன்னபடியே நடந்தது. கிருஷாந்தி அக்கா ஃபோன் எடுத்ததும் அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. வெள்ளைச் சட்டை போட்டார். கோயிலுக்குப் போய்ப் போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். "புள்ளைக்கு இத ரெண்டு மடக்குக் குடுத்தா எந்திரிச்சுரும்" என்றார். மழை விடாமல் பெய்தது. ஒரு குடையில் சந்தி வரைக்கும் இறங்கினோம். கைத்தடியோடு என்னைவிட வேகமாக நடந்தார்.

ஹமீத் நானா கடையில் ஸ்டேசன் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு வேன் வந்தது. நாலு பேர். "குடத்தம்மன் கோயில் பூசாரி எங்க இருப்பாரு?" என்று கேட்டார்கள். அப்பா நானில்லை என்று சொல்லியிருக்கலாம். கடைக்குள் திரும்பியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன், அவரால் முடியாது என்று தெரிந்தது. "இவ்வளவு தூரம் வந்துட்டாங்க. வெளக்கு வச்சுக் குடுத்துட்டு அடுத்த கோச்சியில வர்றேன். நீ முன்னால போய் அக்காவப் பாரு. என்னத் தேடுவா" என்று போத்தலை என் கையில் கொடுத்தார்.

"நானா, இந்தப் புள்ளைய பஸ் ஏத்தி விட்டுருங்க."

"நான் பாத்துக்கிறேன் வீரய்யா, நீங்க போயிட்டு வாங்க" என்றார் நானா.

அக்காவுக்கு ஒன்றுமில்லை அப்பா. இது மட்டும்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது. அல்லது அக்கா சாகப் போகிறாள் அப்பா என்றாவது. எதுவாக இருந்தாலும் நின்றிருப்பார். வாயைத் திறந்தேன். வேனில் வந்த அம்மா அதற்குள் கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க சாமி, முன்னால ஏறுங்க" என்றார். அப்பா வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து போனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பஸ் வந்தது, நான் ஏறவில்லை. இரண்டு மணி இருக்கும், வேன் இறங்கி வந்தது. அதில் அப்பா இல்லை. விளக்குக் கழுவி வைத்துவிட்டு வருவதாகச் சொன்னாராம். அவர்கள் நானா கடையில் தேத்தண்ணி கேட்டார்கள். அது ஆறுவதற்குள் சத்தம் கேட்டது.

கோயில் இல்லை. நம் லயம் இல்லை. கொழுந்து மலைக்குப் போனவர்கள் தப்பித்தார்கள், வீட்டில் இருந்த மூன்று பேர் இல்லை. ஐந்து நாளாகத் தோண்டுகிறார்கள். நேற்று, அப்பாவின் கைத்தடியா என்று ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்கள். இல்லை, அது வெடிப்பில் நான் நட்ட குச்சி.

நீங்கள் நலமாக இருப்பது அவருக்குத் தெரியாது அக்கா. என்னால் அதைத்தான் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வேனில் வந்தவர்கள், அம்மன் தங்களைக் காப்பாற்றினாள் என்று இங்கே வந்து எல்லோருக்கும் ரொட்டி கொடுத்தார்கள். வேலாயி அத்தை, அம்மன் அப்பாவைத் தன்னோடு வைத்துக்கொண்டாள் என்கிறார். வேறு சிலர், வீரய்யா மகள் அம்மன் தண்ணீரைத் தொடாமல் பீலிக்குப் போனாள், அதுதான் அவள் கோபித்துக்கொண்டாள் என்கிறார்கள். என் காதில் விழுகிற மாதிரிதான் பேசுகிறார்கள்.

போத்தல் என்னிடம் இருக்கிறது. ஜன்னலில் வைத்திருந்தேன். ஐந்து நாள் அசையாமல் இருந்ததில், மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டது. அடியில் மண் உட்கார்ந்திருக்கிறது. அளந்து பார்த்தேன், இரண்டு விரல்.

இன்று காலை வேலாயி அத்தை பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தைக்குக் காய்ச்சல். "அம்மன் தண்ணி ஒரு சொட்டுக் குடும்மா. இனி எங்க கெடைக்கப் போகுது" என்றார். போத்தலைக் கையில் எடுத்தேன். அடியைக் காட்டலாம் என்று தூக்கிப் பிடித்தேன். அதற்குள் அத்தை கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டார். அவர் வீடும் அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறது. மேல் தண்ணீரை ஆடாமல் சாய்த்து, குழந்தையின் நெற்றியில் மட்டும் ஒரு சொட்டு விட்டேன்.

மண் கொஞ்சம் கலங்கிவிட்டது. மறுபடி ஜன்னலில் வைத்திருக்கிறேன். பாதை திறந்ததும் கொண்டுவருகிறேன். அப்பா உங்களுக்குக் கொடுக்கச் சொன்னது. குடிக்காதீர்கள்.

நிலக்ஷி